போரில் காணாமல் போனவரைத் தேடுவது எப்படி: சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கிராஞ்சி போர் நினைவகத்தின் தூண்களில் 24,000க்கும் அதிகமான பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களில் எவருக்கும் தெரிந்த கல்லறை இல்லை. அதே வளாகத்தின் சரிவில் 4,400க்கும் மேற்பட்ட கல்லறைகள் இருக்கின்றன. அவற்றில் 850க்கும் அதிகமானவற்றில் பெயர் இல்லை. தூணில் இருக்கும் பெயரையும் மண்ணில் கிடக்கும் உடலையும் பொருத்திப் பார்க்கும் வேலை போர் முடிந்து 80 ஆண்டுகள் ஆன பிறகும் பல நாடுகளில் நடந்துகொண்டிருக்கிறது. அந்த வேலையில் தமிழ்க் குடும்பங்களின் பங்கு மிகக் குறைவு. எங்கே கேட்பது, எதைக் கொண்டுபோய்க் கேட்பது என்று யாரும் சொல்லித் தராததே அதற்குப் பெரிய காரணம் என்று நினைக்கிறோம்.

நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான்: "தாத்தா பட்டாளத்தில் இருந்தார், ஜப்பான்காரன் காலத்தில் போனவர், திரும்பி வரவில்லை." அந்த வரியை வெளிநாட்டு அலுவலகம் ஒன்று கையில் எடுத்துச் செயல்படக்கூடிய கோப்பாக மாற்றுவது எப்படி என்பதே இந்த வழிகாட்டி.

இறந்த நாளில் எந்தச் சீருடை?

எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. அவர் எந்த ஊர்க்காரர், எங்கே இறந்தார் என்பதெல்லாம் பிறகு. இறந்த நாளில் அவர் யாருடைய படையில் இருந்தார் என்பதை வைத்துத்தான் எந்த நாடு, எந்த அலுவலகம் அவருக்குப் பொறுப்பு என்பது முடிவாகும். இதைத் தெளிவுபடுத்தாமல் பத்து இடத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினால், பத்து இடமும் அடுத்தவரைக் கைகாட்டும்.

நான்கு தேதிகளை வைத்து வீட்டுப் பெரியவர்களிடம் விசாரியுங்கள். 1941 டிசம்பர் 8ஆம் தேதி, ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கியபோது, அவர் எங்கே? 1942 பிப்ரவரி 15, சிங்கப்பூர் விழுந்த அன்று எங்கே? இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 17 அன்று, ஃபேரர் பார்க்கில் இந்தியச் சிப்பாய்களைப் பிரிட்டிஷாரிடமிருந்து பிரித்து ஜப்பானியரிடம் ஒப்படைத்த கூட்டத்தில் இருந்தாரா? 1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தபோது உயிருடன் இருந்தாரா? இந்த நான்குக்கும் கிடைக்கும் பதில்கள் அவரை ஐந்தில் ஒரு பிரிவுக்குள் கொண்டுவந்துவிடும்.

பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்து, சண்டையிலோ சிறையிலோ இறந்தவர் முதல் பிரிவு. அவருக்குப் பொறுப்பு காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். இந்தியா அதில் உறுப்பு நாடு. 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை பணியில் இருந்தபோது இறந்தவர் எல்லோரும் அதன் வரம்புக்குள் வருவார்கள். குண்டடி பட்டு இறந்தாரா, வயிற்றுப்போக்கில் இறந்தாரா என்பது பொருட்டல்ல.

இந்திய தேசிய ராணுவத்தில் (ஐஎன்ஏ) சேராமல் கைதியாகவே நின்றவர்கள் இரண்டாம் பிரிவு. ஆயிரக்கணக்கான இந்தியக் கைதிகளைச் சிங்கப்பூரிலிருந்து கப்பலேற்றி நியூ கினி, நியூ பிரிட்டன், பலாவ், போர்னியோ என்று ஜப்பானியர் கொண்டுபோனார்கள். இவர்களுக்கும் ஆணையமே பொறுப்பு, ஆனால் ஆவணங்கள் பொறுத்தவரை இவர்கள் தனி ரகம். கீழே விரிவாகச் சொல்கிறோம்.

மூன்றாவது, இந்திய தேசிய ராணுவம். நான்காவது, ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் தொண்டூழியப் படை போன்ற உள்ளூர்ப் படைகள். இந்த உள்ளூர்ப் படைகளும் ஆணையத்தின் வரம்புக்குள் வரும். ஐந்தாவது, சயாம் மரண ரயிலுக்குப் பிடித்துச் செல்லப்பட்ட தோட்டத் தொழிலாளர்கள். இவர்கள் படைவீரர்கள் அல்லர். ஆனால் "தாத்தா சண்டைக்குப் போனார்" என்று சொல்லும் பல குடும்பங்களில் உண்மையில் நடந்தது இதுதான். அதைத் தெரிந்துகொள்வதும் தேடலில் ஒரு முன்னேற்றமே.

வீட்டில் சேகரிக்க வேண்டியவை

பழைய இரும்புப் பெட்டியில் இருக்கும் எதையும் தூக்கி எறியாதீர்கள், துடைக்காதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். மணியார்டர் ரசீது, பதக்கம், விதவை ஓய்வூதியப் புத்தகம், முகாமிலிருந்து வந்த அஞ்சலட்டை, சீருடையில் எடுத்த படம் என ஒவ்வொன்றையும் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் 600 டிபிஐ தரத்தில் ஸ்கேன் செய்யுங்கள். படத்தின் பின்புறம் ஸ்டூடியோ முத்திரை இருந்தால் அது ஊரையும் காலத்தையும் காட்டிக்கொடுக்கும். தோள்பட்டைச் சின்னம், தலைப்பாகை கட்டிய விதம், பெல்ட் கொக்கி ஆகியவை படைப்பிரிவைச் சொல்லும். அதனால் அந்தப் பகுதிகளை மட்டும் பெரிதாக்கித் தனி ஸ்கேன் எடுத்து வையுங்கள்.

வாய்மொழித் தகவலையும் எழுதுங்கள். ஆனால் யார் சொன்னது, அவருக்கு யார் சொன்னார்கள், எந்த ஆண்டு என்பதோடு சேர்த்து எழுதுங்கள். "பர்மாவில் இறந்தார்" என்று அத்தை சொன்னால், அவருக்கு அது கடிதத்தில் வந்ததா, திரும்பி வந்த ஊர்க்காரர் சொன்னதா என்று கேளுங்கள். இரண்டுக்கும் எடை வேறு.

ஒவ்வொரு சான்றுக்கும் மூன்றில் ஒரு தரம் கொடுங்கள். சம்பவம் நடந்த காலத்திலேயே எழுதப்பட்டது முதல் தரம், போருக்குப் பின் அரசு அலுவலகம் எழுதியது இரண்டாம் தரம், குடும்பத்தில் கேட்டது மூன்றாம் தரம். மூன்றாம் தரத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. எங்கே தேட வேண்டும் என்று அது வழிகாட்டும், அவ்வளவே. தேடல் தடம் மாறிப்போகும் குடும்பங்களில் பெரும்பாலும் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டிருப்பார்கள்.

ஆணையத்தின் தரவுத்தளத்தில் தேடும் முறை

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத்தளத்தில் போரில் இறந்தோரைத் தேடும் வசதி இலவசம். நம்மவர்கள் தாத்தாவின் பெயரைத் தட்டிப் பார்த்து, வரவில்லை என்றதும் விட்டுவிடுகிறார்கள். பெயரில் தொடங்குவதுதான் அங்கே தவறு.

தமிழ்ப் பெயருக்குக் குடும்பப் பெயர் இல்லை. பட்டாளத்துக் குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார். ஆறுமுகம், முத்துசாமி, சுப்பையா என்று எந்தப் பெயரை எடுத்தாலும் நாலைந்து எழுத்துக்கூட்டல்கள் இருக்கும். தகப்பன் பெயரே பெயராகவும் பதிவாகியிருக்கலாம். ஆகவே தலைகீழாக வாருங்கள். படை என்ற இடத்தில் இந்தியப் படை என்றும், நினைவிடம் என்ற இடத்தில் சிங்கப்பூர் நினைவகம் (கிராஞ்சித் தூண்களுக்கு ஆணையம் வைத்திருக்கும் பெயர்) என்றும் தேர்ந்தெடுத்து, பெயரைக் காலியாக விட்டுத் தேடுங்கள். வரும் பட்டியலைக் கணினிக்கு இறக்கிக்கொண்டு எக்செல்லில் திறந்தால் கூடுதல் தகவல் என்ற பத்தி இருக்கும். இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்ன கிராமம், இன்ன மாவட்டம் என்பதெல்லாம் அந்தப் பத்தியில்தான். எல்லோருக்கும் அது நிரப்பப்பட்டிருக்காது. இருக்கும் இடத்தில் அது பொன்.

அங்கே ஊர்ப் பெயரைத் தேடுங்கள். வெள்ளைக்காரர் காலத்து மாவட்டப் பெயர்கள்தான் இருக்கும். திருநெல்வேலிக்கு டின்னவெல்லி, திருச்சிக்கு ட்ரிச்சினாபலி, தஞ்சாவூருக்கு டான்ஜோர், ராமநாதபுரத்துக்கு ராம்நாட், செங்கல்பட்டுக்கு சிங்கிள்புட். இன்றைய கள்ளக்குறிச்சியும் விழுப்புரமும் அன்று தென் ஆர்க்காடு. வேலூரும் திருவண்ணாமலையும் வட ஆர்க்காடு. சேலத்துக்குள் அன்று நாமக்கல்லும் தருமபுரியும் அடக்கம்.

சிங்கப்பூர் நினைவகத்தில் கிடைக்காவிட்டால் அடுத்து மூன்று இடங்கள். கிராஞ்சியிலேயே தனியாக இருக்கும் சிங்கப்பூர் தகன நினைவகம் ஒன்று. சமய வழக்கப்படி எரியூட்டப்பட்ட ஏறத்தாழ 800 பேரின் பெயர்கள் அங்கே உள்ளன, பெரும்பாலோர் இந்தியப் படையினர். இந்துச் சிப்பாயைத் தேடுபவர்கள் தூண்களைப் பார்த்துவிட்டு இதைப் பார்க்காமல் திரும்பிவிடுகிறார்கள். இரண்டாவது, பர்மாவில் தவுக்கியானில் உள்ள ரங்கூன் நினைவகம். அங்கே ஏறத்தாழ 27,000 பெயர்கள். மூன்றாவது தைப்பிங், லபுவான், நியூ பிரிட்டனில் ரபவுல் அருகே பீட்டா பாக்கா ஆகிய போர்க் கல்லறைகள்.

சமையற்காரர், தண்ணீர் சுமப்பவர், துப்புரவாளர் என்று போனவர்களையும் தேடுங்கள். ராணுவத்தில் பதிவானவராக இருந்தால் அவர்களுக்கும் பெயர் பொறிக்கும் உரிமை உண்டு. 'சிப்பாய்' என்ற பதவியை மட்டும் வடிகட்டித் தேடினால் இவர்கள் தவறிவிடுவார்கள்.

பெயர் கிடைத்ததும் அந்தப் பக்கத்திலேயே இணைக்கப்பட்ட ஆவணங்களைப் பதிவிறக்குங்கள். கல்லறைப் பதிவுத் தாள், கல்வெட்டு அட்டவணை, ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு உடல் மாற்றப்பட்டிருந்தால் அதற்கான தோண்டியெடுப்பு அறிக்கை ஆகியவை இருக்கலாம். இந்தக் கடைசித் தாளில் உடல் முதலில் எங்கே கிடந்தது என்பதற்கான வரைபட எண்ணும், உடன் கிடைத்த பொருட்களும் எழுதப்பட்டிருக்கும்.

இறந்த தேதியை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். காணாமல் போனவர்களுக்கு அலுவலகம் கணக்கு முடிப்பதற்காக ஒரு தேதி வைக்கும். 1942 பிப்ரவரி 15 என்று இருந்தால், அன்றே இறந்தார் என்று பொருள் இல்லை. அன்றோடு அவரைப் பற்றிய தகவல் நின்றுவிட்டது என்றும் இருக்கலாம்.

இந்தியாவில் கேட்க வேண்டியது

சாதாரணச் சிப்பாய்களின் பணிப்பதிவு லண்டனில் இல்லை. இந்தியாவில், படைப்பிரிவின் ஆவண அலுவலகத்தில் இருக்கிறது. மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு நீலகிரியில் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூரு. இந்திய ராணுவ எண்கள் அன்று படைப்பிரிவுவாரியாக வழங்கப்பட்டவை. ஒரே எண் இரண்டு ரெஜிமென்டுகளில் இரண்டு பேருக்கு இருக்கும். எண்ணை எழுதும்போது ரெஜிமென்ட் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.

கடிதத்தில் எண், பதவி, பெயர், தகப்பனார் பெயர், கிராமம், தாலுகா, மாவட்டம், சேர்ந்த ஆண்டு, கடைசியாகத் தகவல் வந்த தேதி ஆகியவை வரிசையாக இருக்கட்டும். விரிவான பணிப்பதிவு காலக்கெடு முடிந்து அழிக்கப்பட்டிருக்கலாம். 'லாங் ரோல்' என்ற நீள்பதிவேட்டைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். அது பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம். ஊரில் உறவினர் யாராவது இருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு நேரில் போகச் சொல்லுங்கள். சிங்கப்பூரிலிருந்து அனுப்பும் மின்னஞ்சலைவிட, விதவை ஓய்வூதிய எண்ணோடு அந்த மேசைக்கு முன் நிற்கும் ஒரு பேரனுக்கு விரைவாகப் பதில் கிடைக்கும்.

உறவுக்குச் சான்று கேட்பார்கள். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் இருந்தால் நல்லது. சிங்கப்பூரில் தயாரிக்கும் பிரமாணப் பத்திரம் என்றால், நோட்டரி பப்ளிக்கிடம் கையெழுத்து வாங்கி, சிங்கப்பூர்ச் சட்டக் கழகத்தில் அப்போஸ்டில் (வெளிநாட்டிலும் செல்லுபடியாகும் சான்றுறுதி) பெற வேண்டும். 2021 செப்டம்பர் முதல் சிங்கப்பூருக்கு இந்த முறை நடப்பில் உள்ளது. இந்தியாவும் பிரிட்டனும் இதை ஏற்கும் நாடுகள்.

பிரிட்டன், ஆஸ்திரேலிய ஆவணங்கள்

லண்டனில் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் நமக்கு வேண்டிய தொகுதிகள் சில. டபிள்யூஓ 172 படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள். டபிள்யூஓ 361 காணாமல் போனவர்களைப் பற்றிய விசாரணைக் கோப்புகள். டபிள்யூஓ 345 ஜப்பானியர் எழுதிய கைதி அட்டைகள். டபிள்யூஓ 235 போர்க்குற்ற வழக்குகள்.

நியூ கினிப் பக்கம் கொண்டுபோகப்பட்ட இந்தியக் கைதிகளுக்குக் கைதி அட்டையைவிட வழக்குக் கோப்புகளே உதவும். இவர்கள் கைதிகள் அல்லர், விரும்பி ஜப்பானியப் படையில் சேர்ந்தவர்கள் என்று வழக்குகளில் எதிர்த்தரப்பு வாதாடியது. அந்த நோக்கில்தான் அவர்கள் நடத்தப்பட்டார்கள் என்பதால், பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகளுக்கு இருப்பது போன்ற முறையான பட்டியல் இவர்களுக்கு இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. சிங்கப்பூரில் பிரிட்டிஷார் நடத்திய 131 போர்க்குற்ற வழக்குகளில் முதலாவதே, 1946 ஜனவரியில் தொடங்கிய கொசாவா சதாய்ச்சி வழக்கு, பலாவின் பாபெல்துவாப் தீவுக்குக் கொண்டுபோகப்பட்ட இந்தியக் கைதிகள் பட்ட பாட்டைப் பற்றியது. உயிர் பிழைத்த சிப்பாய்கள் கூண்டில் நின்று, யார் எப்படி இறந்தார்கள் என்று சாட்சி சொன்னார்கள். வேறு எங்கும் பதிவாகாத மரணம் அந்தச் சாட்சியத்தில் பதிவாகியிருக்கக்கூடும். நியூ கினியில் இந்தியக் கைதிகளை மீட்டவர்கள் ஆஸ்திரேலியப் படையினர் என்பதால், ஆஸ்திரேலியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஏ471 வழக்குத் தொகுதியையும் அவசியம் பாருங்கள்.

கடலில் போனவர்களும் உண்டு. 1943 ஜனவரி 26 அன்று நியூ கினிக்கு வடக்கே அமெரிக்க நீர்மூழ்கி வாஹூ மூழ்கடித்த புயோ மாரு கப்பலில் இந்தியக் கைதிகள் இருந்தார்கள். அப்படி இறந்தவருக்கு மீட்கக்கூடிய உடல் இல்லை. கப்பல் பெயரும் தேதியும் உறுதியானால் தேடல் அங்கே முடிகிறது. மூழ்கிய கப்பல்களில் முக்குளிக்கும் ஆட்களை ஏற்பாடு செய்யாதீர்கள். குவாந்தான் அருகே 1941 டிசம்பர் 10 அன்று மூழ்கிய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் கப்பல்களை இரும்புத் திருடர்கள் சிதைத்ததற்குப் பிறகு எல்லா அரசுகளும் இதைக் கடுமையாகப் பார்க்கின்றன.

இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர் என்றால்

இங்கே கல்லறை ஆணையத்தின் வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும், குறிப்பாகத் தோட்டத்திலிருந்தோ சிங்கப்பூர்க் கடைத்தெருவிலிருந்தோ நேரடியாகச் சேர்ந்த தமிழர்களுக்கு. அவர்கள் காமன்வெல்த் படையினராக ஒருபோதும் இருந்ததில்லை. நம் குடும்பங்களில் இவர்கள்தான் அதிகம், இவர்களைப் பற்றித்தான் ஆவணம் குறைவு. இது மனத்தை அறுக்கும் விஷயம்.

புதுடில்லியில் இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஐஎன்ஏ கோப்புகள் தனித்தொகுதியாக உள்ளன. 'அபிலேக் படல்' என்ற அதன் இணையத்தளத்தில் தலைப்புகளைத் தேடலாம். இன்னொரு நல்ல ஊற்று, பலரும் நினைக்காதது, விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியக் கோப்புகள். 1972 முதல் இந்திய அரசு வழங்கும் ஓய்வூதியத்தில் ஐஎன்ஏ வீரர்களும் சேர்க்கப்பட்டார்கள். உங்கள் தாத்தாவோடு போய்த் திரும்பி வந்த ஒருவர் விண்ணப்பித்திருந்தால், எந்த ரெஜிமென்ட், எந்த வழி, யார் எங்கே விழுந்தார் என்பதையெல்லாம் அவர் எழுதியிருக்கக்கூடும்.

சிங்கப்பூரில், கேனிங் ரைசில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று ஒலிப்பதிவுகளில் ஜப்பானியர் ஆட்சிக்காலத்துக்கென்றே தனித் திட்டம் உண்டு, தமிழ்ப் பேட்டிகளும் உண்டு. தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் சியோனான் (ஜப்பானியர் சிங்கப்பூருக்கு வைத்த பெயர்) காலத்து ஆங்கில நாளிதழையும், போருக்குப் பின் கைதிகள் திரும்பிய காலச் செய்திகளையும் பாருங்கள். காணவில்லை என்று குடும்பங்கள் கொடுத்த அறிவிப்புகள் அங்கே கிடைப்பதுண்டு.

1944 இம்பால் சண்டைக்குப் பின் சின்ட்வின் ஆற்றுப் பக்கம் பின்வாங்கியவர்களில் மிகப் பலர் பசியாலும் மலேரியாவாலும் வழியிலேயே இறந்தார்கள். அந்தப் பகுதியில் இன்று களப்பணிக்கு வாய்ப்பே இல்லை. மியான்மாரில் ஆள் வைத்துத் தோண்டித் தருகிறோம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

சயாம் ரயில் தொழிலாளர்கள்

415 கிலோமீட்டர் ரயில்பாதையில் இறந்த காமன்வெல்த், டச்சுக் கைதிகளுக்குக் காஞ்சனாபுரி, சுங்காய், தான்பியூசயாட் என்று மூன்று கல்லறைத் தோட்டங்கள் இருக்கின்றன. அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இறந்த தமிழ், பர்மிய, மலாய், ஜாவானியத் தொழிலாளர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. பெயர்ப்பட்டியலும் இல்லை. தோட்ட நிர்வாகப் பதிவேடுகள், கங்காணிக் கணக்குகள், காஞ்சனாபுரியில் உள்ள தாய்லாந்து-பர்மா ரயில்வே நிலையத்தின் ஆய்வு உதவி ஆகியவையே வழி. தனி ஒருவரின் எலும்பை அடையாளம் காணும் நம்பிக்கையை நாங்கள் தர மாட்டோம்.

இடத்தைக் குறிப்பது

ஆவணத்தில் வரைபட எண் கிடைத்தால் உடனே கூகல் வரைபடத்தில் புள்ளி வைக்காதீர்கள். அன்றைய மலாயா வரைபடங்கள் கஜக் கணக்கில் வேறு கட்டத்தையும், நில அளவைக்கு வேறு அடிப்படைப் புள்ளியையும் கொண்டவை. இன்றைய ஜிபிஎஸ் அடிப்படைக்கு மாற்றாமல் வைத்தால் புள்ளி கிழக்கு மேற்காகச் சுமார் 200 மீட்டர் வரை தள்ளிப்போகும். ரப்பர்த் தோட்டத்தில் 200 மீட்டர் என்பது வேறொரு குன்று. ஆவணத்தின் எண்ணையும் மாற்றிய எண்ணையும் இரண்டையும் கோப்பில் எழுதுங்கள். கட்ட எண் எத்தனை இலக்கம் என்பதும் முக்கியம். ஆறு இலக்க எண் ஒரு புள்ளியைக் காட்டுவதில்லை, ஒரு சதுரத்தைக் காட்டும்.

பிறகு நிலம் என்ன ஆனது என்று பாருங்கள். சிங்கப்பூரில் மேற்குக் கரையும் புக்கிட் தீமாவும் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டன. ஜோகூரில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது குன்றுகளைப் படிப்படியாக வெட்டினார்கள். வெட்டிய மண்ணோடு கல்லறைக் குழியும் போயிருக்கும்.

தோண்டாதீர்கள்

இதை எவ்வளவு அழுத்தமாகச் சொன்னாலும் தகும். எலும்பு தெரிந்தால் நின்றுவிடுங்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 999, தாய்லாந்தில் 191. பக்கத்தில் வெடிக்காத குண்டு இருக்கலாம் என்பது முதல் காரணம். சூட்டிலும் புளிப்பு மண்ணிலும் எலும்பு கரைந்து, பெரும்பாலும் பற்களும் பித்தான்களும் கொக்கிகளும் மட்டுமே மிஞ்சியிருக்கும் என்பது அடுத்தது. பிரிட்டிஷ் பாணி அடையாள வில்லைகள் நார்ப்பொருளால் ஆனவை, மக்கிப்போகும். ஆகவே ஆளை அடையாளம் காட்டுவது பெரும்பாலும் எது எதன் மேல், எந்தப் பக்கம் கிடந்தது என்பதுதான். நல்லெண்ணத்தோடு ஒரு துணியில் எல்லாவற்றையும் அள்ளி வைத்தால் அந்தச் சான்று போய்விடும், பிறகு எந்த ஆய்வகத்தாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. மஞ்சள் பூசுவதும் தண்ணீர் தெளிப்பதும் இப்போது வேண்டாம். சடங்குக்கு வேளை வரும்.

செய்யக்கூடியது இது. அருகில் ஒரு பேனாவையோ அளவுகோலையோ வைத்துத் தொடாமல் படம் எடுங்கள், கைபேசியில் இடத்தைப் பதிவு செய்யுங்கள், அங்கே யார் யார் இருந்தார்கள் என்று எழுதுங்கள், சமூக ஊடகத்தில் போடாதீர்கள். படம் பரவிய மறுநாளே பழம்பொருள் வேட்டைக்காரர்கள் உலோகம் தேடும் கருவியோடு வந்துவிடுவார்கள். மலேசியாவில் 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டமும் குறுக்கே வரும். பாப்புவா நியூ கினியில் போர் எச்சங்கள் அந்நாட்டுத் தேசிய அருங்காட்சியகத்தின் பொறுப்பில் உள்ளன.

கிடைத்த சின்னம் ஒன்றே எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்குப் பிரான்சில் நடந்தது சான்று. 2016இல் ரிஷ்பூர்க் அருகே கிடைத்த இரண்டு உடல்களில் 39 என்ற எண்ணுடைய தோள்சின்னம் இருந்தது. அதிலிருந்து அவர்கள் முதல் உலகப் போரில் இறந்த 39ஆவது கர்வால் ரைஃபிள்ஸ் வீரர்கள் என்று தெரிந்து, இந்திய ராணுவத்திலிருந்து கர்வால் படையினரே பிரான்சுக்குப் போய் 2017 நவம்பரில் லாவந்தியில் அடக்கம் செய்தார்கள்.

மரபணு மாதிரி: யாரிடம் எடுப்பது?

எலும்போ பல்லோ கிடைத்து, அது யாருடையது என்ற பட்டியல் ஒரு சில பெயர்களாகச் சுருங்கிய பிறகே பிரிட்டன், காமன்வெல்த் முறையில் மரபணு மாதிரி கேட்பார்கள். போரில் காணாமல் போன அமெரிக்கப் படையினரைத் தேடும் டிபிஏஏ நிறுவனம் குடும்பங்களிடம் முன்கூட்டியே மாதிரி வாங்கி வைத்துக்கொள்கிறது. அதைப் படித்துவிட்டு நமக்கும் அப்படியே நடக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் யாரிடம் எடுக்கலாம் என்ற பட்டியலை இன்றே எழுதி வையுங்கள். பெரியவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

தாய்வழி மரபணு காலத்தைத் தாங்கி நிற்கும், பழைய எலும்புக்கு அதையே அதிகம் நம்புவார்கள். அது தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும், தகப்பனிடமிருந்து வராது. ஆகவே தாத்தாவின் சொந்தப் பிள்ளைகளிடம் அவருடைய தாய்வழி மரபணு இருக்காது. அவருடைய அக்காள் தங்கை பிள்ளைகளிடமும், அந்த அக்காள் தங்கையின் மகள்வழிப் பேரப்பிள்ளைகளிடமும் இருக்கும். அவருடைய தாயின் அக்காள் தங்கை வழியிலும் அப்படியே. தகப்பன்வழிக்கு அவருடைய மகன், மகன்வழிப் பேரன், அண்ணன் தம்பி மகன்கள், தகப்பனின் அண்ணன் தம்பி மகன்கள்.

நம் குடும்பங்களுக்கே உரிய ஒன்றை வெளிநாட்டு ஆய்வகம் தானாக ஊகிக்காது. தாத்தா தன் அக்காள் மகளை மணந்திருந்தால், அவர் பிள்ளைகளிடம் உள்ள தாய்வழி மரபணு அவர்களுடைய தாயின் தாயிடமிருந்து, அதாவது தாத்தாவின் அக்காளிடமிருந்து வந்தது. அது தாத்தாவுடையதேதான். அந்தப் பிள்ளைகள் நல்ல மாதிரி தருவார்கள். மறுபக்கம், அத்தை மகள் மாமன் மகன் கல்யாணம் தலைமுறை தலைமுறையாக நடந்திருந்தால், உறவினர்களுக்குள் பொதுவாக இருக்கும் மரபணுவின் அளவு ஆய்வகத்தின் வழக்கமான கணக்கைவிடக் கூடுதலாக வரும். தூரத்து உறவு நெருங்கிய உறவாகத் தோன்றும். ஆகவே மூன்று தலைமுறைக் கொடிவழியை வரைந்து, சொந்தத்துக்குள் நடந்த ஒவ்வொரு கல்யாணத்தையும் இரட்டைக் கோட்டால் குறித்து, மாதிரியோடு சேர்த்து அனுப்புங்கள். சித்தப்பா, மாமா, அத்தை என்று அழைக்கும் முறையை எழுதாமல், யார் யாருக்குப் பிறந்தவர் என்றே எழுதுங்கள்.

மாதிரி எடுக்கும்போது அரைமணி நேரத்துக்கு முன் வெற்றிலை உட்பட எதுவும் வாயில் போடக்கூடாது. பஞ்சுக்குச்சியை நன்றாக உலரவிட்டுக் காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக்கில் வைத்தால் ஈரத்தில் பூசணம் பிடிக்கும். வம்சாவளி நிறுவனங்களின் வணிகப் பரிசோதனை முடிவை இந்த ஆய்வகங்கள் பொதுவாக ஏற்பதில்லை.

பெயரில்லாக் கல்லறைக்குப் பெயர் கோரும் கோப்பு

கல்லறையைத் திறந்து மரபணு பார்க்க வேண்டும் என்று ஆணையத்திடம் கேட்காதீர்கள். அடையாளம் காண்பதற்காக மட்டும் அவர்கள் கல்லறையைத் திறப்பதில்லை. அமெரிக்கர் மணிலா போன்ற இடங்களில் திறக்கிறார்கள், ஆனால் அவர்களுடையது வேறு முறை. ஆகவே கல்லறை மூடியிருக்கும்போதே காகிதச் சான்றைக் கொண்டு நிரூபிக்க வேண்டும். தெளிவான, நம்பத்தக்க சான்று என்பதே அவர்கள் கேட்கும் அளவு.

கோப்புகள் தோற்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். "இவர் இந்த இடத்தில் இறந்திருக்கலாம்" என்று காட்டுகிறார்கள், "வேறு யாரும் இவராக இருக்க முடியாது" என்பதைக் காட்டுவதில்லை. செய்ய வேண்டியது: கல்லில் உள்ள விவரம், உதாரணமாக இன்ன ரெஜிமென்டின் ஒரு நாயக், இந்தப் பகுதியில் கிடைத்தவர். அதே ரெஜிமென்டில் அதே பதவியில் அந்தக் காலத்தில் காணாமல் போன எல்லோரையும் ஆணையத்தின் தரவிலிருந்து எடுங்கள். ஒவ்வொருவராக, ஏன் அவர் இல்லை என்று சான்றோடு நீக்குங்கள். ஒரே ஒருவர் மிஞ்சினால் அனுப்புங்கள். இருவர் மிஞ்சினால் அனுப்பாதீர்கள், இன்னும் தேடுங்கள்.

கோப்பின் முதல் பகுதி இரண்டு பக்கச் சுருக்கம், அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு கூற்றுக்கும் சான்று எண். பிறகு சான்றுகள் எண் வரிசையில், ஒவ்வொன்றின் மேலும் காப்பகப் பெயரும் கோப்பு எண்ணும். பிறகு நீக்கல் பட்டியல், வரைபடம். குடும்பத்தின் உணர்வுகளைத் தனிக் கடிதமாக வையுங்கள். அதற்கும் இடமுண்டு, ஆனால் சான்றோடு கலக்க வேண்டாம். ஆணையம் முதலில் பார்க்கும், பிறகு அந்த வீரரின் நாட்டு ராணுவ அதிகாரிகள் தீர்ப்பார்கள். மாதங்கள் ஆகும், ஆண்டையும் தாண்டலாம்.

பெயரே எங்கும் இல்லை என்றால், பெயரைச் சேர்க்கக் கோரும் விண்ணப்பம் தனி. 2021இல் ஆணையமே வெளியிட்ட அறிக்கை, முதல் உலகப் போரில் ஆப்பிரிக்க, ஆசிய வீரர்கள் சமமாக நினைவுகூரப்படவில்லை என்று ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகு இப்படிப்பட்ட கோரிக்கைகளுக்குக் காது கொடுக்கிறார்கள். தயங்காமல் கேளுங்கள்.

பல நாட்டு அலுவலகங்களை ஒன்றாக நடத்துவது

குடும்பத்துக்கு ஒரே ஒரு தொடர்பாளர். அவர் பெயரில் மட்டுமே கடிதங்கள் போக வேண்டும். மூன்று சகோதரர்கள் மூன்று விதமாக எழுதினால், மூன்று கோப்புகள் திறந்து, மூன்றும் தேங்கும். ஒரு பொது மின்னஞ்சல் முகவரியும், யாருக்கு, என்று, என்ன கேட்டோம், என்ன பதில் என்ற நான்கு பத்தி அட்டவணையும் போதும். இந்தியாவில் நேரில் போக ஒருவரும், லண்டன் கோப்புகளைப் பார்க்க அங்கே உள்ள உறவினரோ கட்டண ஆய்வாளரோ ஒருவரும் இருந்தால் குழு நிறைவு.

வரிசையை மாற்றாதீர்கள். முதலில் கல்லறை ஆணையம், அடுத்து இந்திய ஆவண அலுவலகம், பிறகு மற்றக் காப்பகங்கள். உடல் கிடைத்துவிட்டால் மட்டும் வரிசை தலைகீழ்: முதலில் உள்ளூர்க் காவல்துறை, அடுத்து அந்நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தின் ராணுவப் பிரதிநிதி, உடனே ஆணையம். பிரிட்டிஷ் வீரர் என்று சந்தேகம் இருந்தால் கிடைக்கும் பழைய வீரர்களின் உடல்களை அடையாளம் காணும், குளோஸ்டரில் உள்ள பிரிட்டிஷ் தற்காப்பு அமைச்சின் ஜேசிசிசி பிரிவு. அவர்கள் தாமாகத் தேடிப் போவதில்லை, கிடைத்த பிறகு வருவார்கள். நெகிரி செம்பிலானில் 1945 ஆகஸ்டில் விழுந்த லிபரேட்டர் விமானத்தின் எட்டுப் பேரை 2012இல் கோலாலம்பூர் செராஸ் கல்லறையில் அடக்கம் செய்தது இந்த வழியில்தான்.

உடலை ஊருக்கோ சிங்கப்பூருக்கோ கொண்டுவர முடியாது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். கிடைத்த இடத்துக்கு அருகே உள்ள போர்க் கல்லறையில் அடக்கம் என்பதே இரண்டு உலகப் போர்களுக்கும் காமன்வெல்த் கொள்கை. தகனம் வேண்டும் என்றால், அடையாளம் உறுதியான உடனே, அடக்கத்தின் தேதி குறிப்பதற்கு முன்பே, எழுத்தில் கேளுங்கள். சமய வழக்கத்தை மதிக்கிறார்கள், ஆனால் கடைசி வாரத்தில் கேட்டால் ஏற்பாடு செய்ய முடியாது. கிராஞ்சியில் திதி கொடுக்க விரும்புபவர்கள் பூவும் மாலையும் கொண்டுபோகலாம். கற்பூரம், சாம்பிராணி ஏற்றுவதென்றால் ஆணையத்தின் பராமரிப்பாளரிடம் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோப்பின் ஒரு பிரதியைத் தேசிய ஆவணக் காப்பகத்திடமோ கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்திடமோ கொடுக்க முன்வாருங்கள். ஆணையத்திடமும் இந்திய அலுவலகத்திடமும், தொடர்பாளருக்கு அடுத்ததாக இன்னொருவரின் பெயரையும் முகவரியையும் பதிவு செய்யுங்கள், முடிந்தால் முப்பது வயதுக்குக் கீழே உள்ள ஒருவர். பதில் வரும்போது முதல் கடிதத்தில் கையெழுத்திட்டவர் இல்லாமல் போயிருக்கலாம்.